வென்ற மண், விற்ற மண்

மண்ணுக்காகப் போராடிய கதையைத் திருத்தணிக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1953-ல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது திருத்தணி சித்தூர் ஜில்லாவோடு அந்தப் பக்கம் போயிற்று. ம. பொ. சிவஞானமும் மங்கலங்கிழாரும் அவர்களுக்குப் பின்னால் ஊர் ஊராக ஜனங்களும் எழுந்தார்கள். கூட்டம் போட்டார்கள், மறியல் செய்தார்கள், சிறைக்குப் போனார்கள். படாஸ்கர் வந்தார், கிராமத்தை அலகாக வைத்து, எந்தக் கிராமத்தில் எந்த மொழி என்று கணக்குப் பார்த்துத் தீர்ப்புச் சொன்னார். 1959-ல் எல்லை மாற்றச் சட்டம் நிறைவேறியது. 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. நல்ல போராட்டம், நியாயமான வெற்றி. அதில் எனக்கு எந்த விவாதமும் இல்லை.

ஆனால் அந்த 1959-ஆம் ஆண்டுக்கு இன்னொரு விசேஷம் உண்டு. நமது ராஜ்யத்தின் சிறு கனிமச் சலுகை விதிகள் என்று ஒன்று இருக்கிறதே, அதுவும் அதே ஆண்டின் பெயரைத்தான் சுமந்துகொண்டிருக்கிறது. கனிமம் என்றால் இரும்பு, நிலக்கரி என்று நினைத்துவிடாதீர்கள். வண்டல், சவுடு, கிராவல் எல்லாம் இன்று அந்த விதிகளுக்குள் அடக்கம். போதாக்குறைக்கு, சாலை போடவும் மேடு நிரப்பவும் பயன்படும் சாதாரண மண்ணையும் சிறு கனிமம் என்று 2000 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் அறிவித்துவிட்டது. ஆக, 1959-ன் சட்டம் ஒன்று மண்ணைத் தாய் என்று நம் கையில் கொடுத்தது. 1959-ன் விதி ஒன்று மண்ணைச் சரக்கு என்று கணக்கில் எழுதிக்கொண்டது.

இந்த இரண்டில் எதை நாம் மெய்யாகவே நம்பினோம்? திருவள்ளூர் ஜில்லாச் சாலைகளில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சென்னையை நோக்கி ஓடும் லாரிகளைக் கேளுங்கள். அவை சொல்லும்.

மண்ணை விற்பது பாவம் என்று உபதேசம் செய்ய நான் வரவில்லை. என் குற்றச்சாட்டு வேறு. நாம் எதை விற்கிறோம் என்று தெரியாமலே விற்கிறோம். தெரிந்துகொள்ள வழி இருந்தும் தெரிந்துகொள்ள மறுக்கிறோம். அதுதான் என் வழக்கு.

மண்ணுக்குள் என்ன இருக்கிறது? கல், களிமண், மக்கு, புழு என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். அதோடு விட்டுவிட்டார்கள். 1885-ல் ஜெர்மனியில் ஃபிராங்க் என்ற தாவர விஞ்ஞானி ஒரு விசித்திரத்தைக் கண்டு சொன்னார். பிரஷ்ய சர்க்கார் அவரிடம் கேட்டது, பணக்கார விருந்துகளில் பரிமாறும் ட்ரஃபிள் என்ற நிலத்தடிக் காளானைப் பயிரிட வழி உண்டா என்பதை. அவர் அதைத் தேடிப் போய், மரத்தின் வேரும் பூசணமும் ஒன்றோடொன்று பிணைந்து ஒரே உறுப்பைப் போல வேலை செய்வதைக் கண்டார். அதற்கு மைக்கோரைஸா என்று பெயர் வைத்தார். வேர்ப்பூசணம் என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். பூசணம் என்றதும் ஊறுகாய் ஜாடி ஞாபகம் வந்து முகம் சுளிக்க வேண்டாம். உலகத்துத் தாவர இனங்களில் பெரும்பாலானவை இந்தக் கூட்டாளியை நம்பித்தான் பிழைக்கின்றன. நம் பக்கத்து மா, புளி, வேம்பு, புங்கு, பனை, நிலக்கடலை, சோளம் எல்லாம் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவைதான். கடுகு, முட்டைக்கோசு, சில கீரைகள் போன்றவைதான் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று ஒதுங்கி நிற்கின்றன.

சம்பந்தம் எப்படி நடக்கிறது? மணிச்சத்து என்கிற பாஸ்பரஸ் மண்ணில் நகராத சத்து. வேர் தன்னைச் சுற்றியுள்ளதை உறிஞ்சித் தீர்த்ததும் அடுத்த கவளம் எட்டாத தூரத்தில் நிற்கும். பூசணத்தின் இழையோ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைந்த தடிமன் உடையது. வேர் நுழைய முடியாத சந்தில் எல்லாம் அது நுழைகிறது. அங்கிருந்து மணிச்சத்தைக் கொண்டுவந்து தருகிறது. பதிலுக்கு மரம் வெயிலில் சமைத்த சர்க்கரையையும் கொழுப்பையும் கூலியாக வாங்கிக்கொள்கிறது. நம் ஊர் மரங்களில் இருக்கும் வகை, வேரின் உயிரணுவுக்குள்ளேயே புகுந்து குட்டி மரம் போலக் கிளை விரிக்கிறது. மரத்துக்குள் ஒரு மரம்! ஸ்காட்லாந்தில் ரைனி என்ற இடத்துப் பாறையில், சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய செடிகளுக்குள் இதே அமைப்பு கல்லாகி நிற்கிறது. வேர் என்ற உறுப்பு ஒழுங்காக உண்டாவதற்கு முன்பே இந்த ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது.

ஒரு கிராம் நல்ல மண்ணில் இந்த இழை பல மீட்டர் ஓடும். மண்ணைக் கட்டி கட்டியாகப் பிடித்து வைத்து, மழையில் கரைந்து ஓடாமல் தடுப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. அதிலும் இது வாழ்வது பெரும்பாலும் மேல் அடுக்கில், முதல் ஓரடி ஆழத்துக்குள். பொக்லைனின் பல் முதலில் கடிக்கிற இடம் எதுவோ, அதுதான் இதன் வீடு.

சரி, இந்த இழை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ஒரு வேம்பின் கீழ் இருப்பதும் பத்தடி தள்ளி இருப்பதும் ஒரே உயிரா, வேறு வேறா? கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. எல்லாம் ஒரே வெள்ளை நூல்தான். இங்கேதான் மரபுக் குறிகள் வருகின்றன. சலவைத் தொழிலாளி நூறு வீட்டு வெள்ளை வேட்டிகளை ஒரே குவியலில் வெளுக்கிறாரே, எது யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்? ஓரத்தில் ஒரு குறி போட்டிருக்கிறார். டி.என்.ஏ.யிலும் அதுபோலக் குறிகள் உண்டு. சில இடங்களில் ஒரே எழுத்துக்கூட்டம் திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இரண்டு இடத்து இழைகளில் எல்லாக் குறிகளும் ஒத்துப்போனால் இரண்டும் ஒரே உயிரின் உடம்பு. ஒத்துப்போகாவிட்டால் அயலார். வள்ளி பிறந்த குலத்தார் கையைப் பார்த்துக் குறி சொன்னார்கள். இவர்கள் வேரைப் பார்த்துக் குறி சொல்கிறார்கள். இந்தக் குறியைச் சரிபார்க்க முடியும் என்பதுதான் வித்தியாசம்.

இப்படிப் பார்த்ததில் திகைக்க வைக்கும் சங்கதிகள் வெளிவந்தன. 1992-ல் அமெரிக்காவின் மிச்சிகன் பகுதியில் ஆர்மில்லேரியா என்ற காளான் ஒன்றே 15 ஹெக்டேருக்குப் பரவிக் கிடப்பது தெரிந்தது. வயது 1,500 ஆண்டுகளுக்கு மேல் என்றார்கள். 2018-ல் மறுபடி சோதித்து, 37 ஹெக்டேர், 2,500 ஆண்டு என்று திருத்தினார்கள். அது வேரோடு நட்புக் கொள்ளும் ஜாதியல்ல, மரத்தைத் தின்னும் ஜாதி. ஆனாலும் முறை ஒன்றுதான். 2010-ல் கனடாவின் டக்ளஸ் ஃபர் காட்டில் 30 மீட்டருக்கு 30 மீட்டர் சதுரத்தை எடுத்துக்கொண்டு, 67 மரங்களின் வேர்ப்பூசணங்களுக்குக் குறி பார்த்தார்கள். ஒரே மரம் மற்ற 47 மரங்களோடு பூசணத்தைப் பகிர்ந்துகொண்டிருந்தது.

இதெல்லாம் வெள்ளைக்காரன் தேசத்து விஷயம் என்று தள்ளிவிட வேண்டாம். ஆசியாவின் முதல் மைக்கோரைஸா மாநாடு 1988-ல் கூடியது எங்கே தெரியுமா? சென்னையில். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல்காரர்கள் கூட்டியது. அந்தப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து, மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைக்காட்டில் ருஸ்ஸுலா என்ற வேர்க்காளான் கூட்டங்கள் எப்படிப் பரவியிருக்கின்றன என்று மரபுக் குறிகளைக் கொண்டே ஆராய்ந்து 2006-ல் வெளியிட்டார். அறிவு நம் வீட்டுத் திண்ணையில்தான் உட்கார்ந்திருக்கிறது. நாம்தான் உள்ளே வா என்று அழைக்கவில்லை.

இனி என் சண்டைக்கு வருகிறேன்.

முதல் சண்டை மேடைப் பேச்சாளர்களோடு. மரம் நடு விழா என்றால் இப்போதெல்லாம் இந்தப் பூசணத்துக்கும் மேடையில் ஒரு நாற்காலி கிடைத்துவிடுகிறது. “மரங்கள் பூமிக்கடியில் பேசிக்கொள்கின்றன! தாய் மரம் தன் சேய் மரத்துக்குப் பால் ஊட்டுகிறது!” என்று ஒருவர் முழங்குகிறார், கூட்டம் கைதட்டுகிறது. கேட்க இனிமைதான். நாவல் எழுதிப் பிழைக்கிற எனக்கு இந்த மாதிரிக் கதை கசக்குமா? ஆனால் கதையைக் கதை என்று சொல்லி விற்பவன் நான். விஞ்ஞானம் என்று சொல்லி விற்பவர்களோடுதான் எனக்கு வழக்கு.

கனடாவின் சூசன் சிமார்ட் 1997-ல் ஒரு மரத்துக்குக் கொடுத்த கார்பன் இன்னொரு ஜாதி மரத்துக்குப் போவதைக் காட்டினார். அதிலிருந்துதான் இந்தப் புராணம் வளர்ந்தது. அந்த ஆராய்ச்சியில் கூட இருந்து கையெழுத்திட்ட மெலனி ஜோன்ஸ் என்பவரே 2023-ல் வேறு இருவரோடு சேர்ந்து கணக்கைத் திருப்பிப் பார்த்தார். நிஜக் காட்டில் இந்தப் பிணைப்புகள் மரபுக் குறி வைத்து வரைபடமானது இரண்டே மர இனங்களுக்குத்தான். அதன் வழியாகச் சத்துப் போய்க் கன்றுகள் பிழைக்கின்றன என்பதற்கு அத்தாட்சி இரண்டும்கெட்டான். தாய் மரம் தன் சேயை அடையாளம் கண்டு ஊட்டுகிறது என்பதற்கோ காட்டில் செய்த சோதனை ஒன்றும் இல்லை என்று எழுதினார்கள். சிமார்ட் தரப்பு இதை ஒப்புக்கொள்ளவில்லை, வழக்கு முடியவில்லை. ஆனால் அந்த 47 மரக் கணக்கு எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை என்பதில் தெளிவு வேண்டும். அந்த ஒரு மரத்தின் வேரில் இருந்த பூசண உயிர்கள் மற்ற 47 மரங்களின் வேர்களிலும் இருந்தன என்று சொல்கிறது. இடையில் இழை அறுபடாமல் இருந்ததா, அதன் வழியே என்ன போயிற்று என்று சொல்லவில்லை. ஒரே குறி போட்ட வேட்டி இரண்டு தெருவில் காய்ந்தால், இரண்டு தெருக்காரரும் கடிதம் எழுதிக்கொள்கிறார்கள் என்று அர்த்தமா?

பொய் அழகாக இருந்தால் என்ன கெடுதல் என்று கேட்பீர்கள். கெடுதல் இதுதான். தாய் மரம் பிள்ளைக்கு ஊட்டுகிறது என்று நம்பிக் கண்ணீர் விட்டவர், அதே மேடைக்காகப் புதரை வழித்து எடுத்த ஜே.சி.பி.யைப் பார்த்துக் கண்ணீர் விடுவதில்லை. கற்பனையான பாசத்துக்கு அழுதுவிட்டால் நிஜமான கொலைக்கு அழ ஈரம் மிஞ்சுவதில்லை.

இரண்டாவது சண்டை, “இதெல்லாம் நம் முன்னோருக்கு அப்போதே தெரியும்” என்கிறவர்களோடு. எதற்கெடுத்தாலும் இந்தப் பல்லவி. கோயில் காட்டை வெட்டாமல் வைத்தார்கள், ஏரியைத் தூர் வாரினார்கள், நிலத்தில் பயிரை மாற்றி மாற்றி விதைத்தார்கள். அது அவர்களுடைய பெருமை. அதை நான் வணங்குகிறேன். பூதக்கண்ணாடிக்கும் எட்டாததை அவர்கள் பார்த்தார்கள் என்று சொல்வது அவர்களுக்குப் பெருமை அல்ல, நமக்குச் சோம்பேறித்தனம். அவர்களுக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டால் நாம் தெரிந்துகொள்ள வேண்டாம் அல்லவா? சரி, முன்னோர் வெட்டாமல் வைத்ததைப் பின்னோர் வெட்டாமல் வைத்தோமா?

மூன்றாவது சண்டை பொட்டலக்காரர்களோடு. வேம் உரம் என்று பையில் போட்டு விற்கிறார்கள். நல்ல உரம்தான், நாற்றங்காலில் முறையாக இட்டால் பயன் உண்டு. ஆனால் அது உயிருள்ள சரக்கு. சித்திரை வெயிலில் தகரக் கொட்டகையில் மாதக்கணக்கில் அடுக்கிவைத்தால் பையில் மிஞ்சுவது பொடி மட்டும்தான். மேல் மண்ணை முழுதாக வழித்து எடுத்துவிட்டு, கல்லாங்குத்தில் குழி தோண்டி, ஒரு கைப்பிடி வேம் போட்டுவிட்டால் மண் உயிர்த்து எழும் என்று நம்புவது, வீட்டை இடித்துவிட்டு வாசல் கோலத்தை மட்டும் போடுகிற புத்திசாலித்தனம்.

நாலாவது, பெரிய சண்டை, நம் எல்லோரோடும்தான். திருத்தணி மலையில் 365 படி. நாளுக்கு ஒரு படி என்று கணக்கு வைத்து ஏறுகிறோம். படிக்கு விழா எடுக்கிறோம். முருகன் சினம் தணிந்து அமர்ந்த இடம் என்கிறார்கள். சுற்றியுள்ள குன்றுகளைப் பார்த்தால் எனக்கு மட்டும் சினம் ஏறுகிறது. களா, சூரை, காரை, வெப்பாலை, ஆவாரை என்று குட்டையாக வளர்ந்து நிற்கும் முட்புதர்க் காட்டுக்கு நம்முடைய பாஷையில் ஒரே பெயர்: புறம்போக்கு. மழைக்காடு என்றால் மரியாதை. முட்காடு என்றால் கோடாலி. புதரை அடியோடு வழித்துவிட்டு அங்கே வரிசையாகக் குழி தோண்டி, நர்சரிப் பையில் வந்த கன்றை நட்டுவிட்டு, ‘பசுமையாக்கினோம்’ என்று பலகை வைக்கிறோம். அந்தப் புதரின் வேர்கள்தான் வறட்சியிலும் பூசணத்தை உயிரோடு வைத்திருந்தவை. கன்றுக்குப் பால் வேண்டும் என்று சொல்லிக்கொண்டே பசுவை அடிமாட்டுக்கு அனுப்புகிறோம்.

லாரி விஷயம் இதைவிட மோசம். மேல் மண்ணையும் அடி மண்ணையும் ஒரே வாளியில் அள்ளிக் கலந்து ஒரே யூனிட் விலைக்குக் கொடுக்கிறோம். இழை அறுந்து, ஆழத்தில் புதைந்து, சென்னையில் ஏதோ ஒரு அடுக்குமாடிக்கு அடியில் போய்ச் சேர்கிறது. அங்கே அதற்கு வேரும் இல்லை, வேலையும் இல்லை. அள்ளிய மண்ணைக் குவித்தே வருஷக்கணக்கில் போட்டு வைத்தாலும் கதி இதுதான். செடி இல்லாத குவியலில் கூலி இல்லை. கூலி இல்லாத கூட்டாளி மெல்ல மெல்லச் சாகிறது.

“அப்படியானால் சாலை வேண்டாமா? வீடு வேண்டாமா? பூசணத்துக்காக ஊரை நிறுத்துவதா?” என்று ஒரு நண்பர் கேட்கிறார். நியாயமான கேள்வி. சாலையும் வீடும் வேண்டும். ஏரியில் படிந்த வண்டலை விவசாயி அள்ளித் தன் வயலில் போடுவதையும் நான் எதிர்க்கவில்லை. அது ஏரிக்கும் நல்லது, வயலுக்கும் நல்லது. நான் கேட்பது சின்னச் சின்ன விஷயங்கள். எங்கே மண் எடுக்க அனுமதி கொடுத்தாலும் முதல் ஓரடியைத் தனியே ஒதுக்கி, வேலை முடிந்த கையோடு திரும்பப் பரப்பு. மரம் நடப் புதரை வழிக்காதே. புதரின் நிழலிலேயே நடு. நர்சரிப் பையை நிரப்பும்போது, அதே ஜாதிக் கிழமரத்தின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண்ணைச் சேர். மண்ணைச் சோதிக்காமல் மணிச்சத்து உரத்தைக் கொட்டாதே. உரம் மிகுந்தால் வேர் கூட்டாளியைக் கைவிட்டுவிடும். இவற்றில் எதற்குக் கோடி ரூபாய் வேண்டும்?

ஐந்தாவதாக ஒன்று உண்டு. அதற்குக் கொஞ்சம் பணம் வேண்டும். இந்த மலைகளின் மண்ணுக்கு ஒரு தடவையாவது குறி பாருங்கள். 2025-ல் 130 நாடுகளின் மண் மாதிரிகளிலிருந்து எடுத்த 280 கோடிக்கு மேற்பட்ட மரபு வரிசைகளைக் கொண்டு உலகத்து வேர்ப்பூசணங்களுக்கு வரைபடம் போட்டிருக்கிறார்கள். வகைகள் செழித்திருக்கக்கூடும் என்று அது காட்டும் இடங்களில் பத்தில் ஒரு பங்குகூடப் பாதுகாக்கப்பட்ட நிலத்துக்குள் இல்லை. அதாவது காவல் இருக்கும் இடத்தில் புதையல் இல்லை. புதையல் இருக்கும் இடத்தில் லாரி நிற்கிறது. நம் முட்காட்டு மரங்களின் பூசணம் குடை விரித்துத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. மண்ணைத் தண்ணீரில் கரைத்துச் சல்லடையில் அரித்தால்தான் அதன் வித்துகளே அகப்படும். ஒரே வித்தில் எத்தனையோ உட்கருக்கள் இருப்பதால் எது ஒரு தனி உயிர் என்பதே சிக்கல். கஷ்டமான வேலைதான். கஷ்டம் என்பதனாலேயே செய்யாமல் விடக்கூடாத வேலை. பல்கலைக்கழகம் ரயிலில் இரண்டு மணி நேரத் தூரத்தில் இருக்கிறது.

திருத்தணியைத் தாண்டிச் சில மைல் வடக்கே போனால் நகரி. பலகையில் எழுத்து மாறுகிறது. டீக்கடையில் பேச்சு மாறுகிறது. படாஸ்கர் கிராமம் கிராமமாகப் போட்ட கோடு அங்கே ஓடுகிறது. கோட்டின் இந்தப் பக்கத்து வேம்புக்கும் அந்தப் பக்கத்து வேம்புக்கும் அடியில் என்ன ஓடுகிறது என்று எவரும் பார்க்கவில்லை. அது தமிழும் பேசாது, தெலுங்கும் பேசாது. மேடைக்காரர்கள் என்ன சொன்னாலும் அது எதையும் பேசாது. பேசாத ஜீவனுக்காக வழக்காடுவது எழுத்தாளன் வேலை என்று நினைக்கிறேன்.

ஒரு தலைமுறை இந்த மண்ணை வாங்கித் தர ஜெயிலுக்குப் போயிற்று. அடுத்த தலைமுறை ஜெயிலுக்குப் போக வேண்டாம். ஒரு மண்வெட்டி அளவு மண்ணைக் கையில் எடுத்து, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டால் போதும். கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு லாரிக்கு விலை பேசட்டும், பார்க்கலாம்.